பாம்புக்கடிக்குக் கணக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை

"செத்தவங்க கணக்கு ஸ்டேஷன்ல இருக்கு. பிழைச்சு வீட்டுக்குப் போனவங்களை எண்ணி என்ன ஆகப் போகுது?"

கொடைக்கானல் மலையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊர் அரசு மருத்துவமனை வாசலிலும் இந்தக் கேள்வி எழும். மருத்துவர் கேட்பார், பஞ்சாயத்துத் தலைவர் கேட்பார், மகளைக் காப்பாற்றி அழைத்துப்போகும் அப்பாவே கேட்பார். கேட்கிறவர்கள் ஈரமில்லாதவர்கள் இல்லை. சாமி காப்பாற்றிக் கொடுத்துவிட்டது, இனி அதைக் கிளற வேண்டாம் என்பதுதான் அவர்கள் மனதில் இருப்பது. அந்த மனதை நான் மதிக்கிறேன். அதிலிருந்து பிறக்கும் முடிவை ஏற்க மாட்டேன். தன்னை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வந்து மீண்டவர்களை எண்ணாமல் விடுவது கருணை என்று நாம் நினைக்கிறோம். காப்பாற்றக்கூடிய உயிர்களைக் கைநழுவ விடுவதாகவே அது முடிகிறது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்தது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, பாம்பு கடித்து வருகிறவர்களைப் பற்றி அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் தகவல் தர வேண்டும். செத்தவர்களை மட்டும் சொன்னால் போதாதா என்று யாரும் வாதாடவில்லை. கடிபட்டவர் எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்ந்தார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்தை எங்கே இருப்பு வைப்பது என்று முடிவெடுக்க முடியும். இது எல்லோருக்கும் உடனே விளங்கியது. பண்ணைக்காட்டுக் காபித் தோட்டத்தில் கடிபட்ட தொழிலாளி படுத்திருக்கும் அதே வார்டில், இரண்டு கட்டில் தள்ளி, வேறொரு காரணத்துக்காக சலைன் ஏறிக்கொண்டிருக்கும் இளம்பெண் படுத்திருப்பாள். அவள் எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு நேரம் கழித்து வந்தாள் என்று கேட்டால் மட்டும் நம் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அவள் பெயரை யாரும் எழுதுவதில்லை என்று சொல்ல முடியாது. விபத்துப் பதிவேட்டில், எல்லோரும் 'ஏ.ஆர்.' என்று சொல்லும் நோட்டில், எழுதுகிறார்கள். போலீஸுக்குத் தகவல் போகிறது. கூட வந்தவர்கள் "தோட்டத்துல மருந்து அடிக்கும்போது ஏறிடுச்சு" என்றோ "தெரியாம குடிச்சிட்டா" என்றோ சொன்னால் அப்படியே பதிவாகிறது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அவள் வீடு திரும்பியதும் அந்த வரியின் வேலை முடிந்துபோகிறது. அந்த வரிகளைக் கூட்டிப் பார்ப்பவர் இல்லை. போன மாதம் வந்தவளே இந்த மாதமும் வந்திருக்கிறாளா என்று ஒப்பிட்டுப் பார்ப்பவரும் இல்லை.

நாட்டில் நமக்குக் கிடைக்கும் ஒரே தொடர்ச்சியான கணக்கு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுவது. பெயரிலேயே தெரிகிறது, அது காவல்துறையின் கணக்கு. அதில் மரணங்கள் மட்டுமே உண்டு. 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர்; தமிழ்நாட்டில் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஒரு மரணத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொன்னது. அந்த விகிதத்தில் பாதிதான் இங்கே பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் முயற்சிகள். டெங்கு இந்த அளவுக்குப் பரவினால் சட்டமன்றம் என்ன பாடுபடும்!

மரணத்தை மட்டும் எண்ணும்போது யார் மறைந்துபோகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2022இன் தேசியக் கணக்கில் ஆண்கள் 1,22,724, பெண்கள் 48,172. இதைப் படிக்கிறவர், இது கடன்பட்ட ஆண்களின் பிரச்சினை என்று முடிவுகட்டிவிடுவார். முயற்சிகளை எண்ணுகிற நாடுகளில் கிடைக்கும் படம் வேறு. அங்கே பெரும்பாலும் பெண்களும் இளையவர்களும்தான் முன்னால் நிற்கிறார்கள். இங்கே மரணங்களையே வீடு தேடி எண்ணினாலும் படம் மாறுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் வீடு வீடாக விசாரித்து, 1992 முதல் 2001 வரையிலான மரணங்களின் காரணங்களைப் பதிந்தார்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 148, அதே வயது ஆண்களில் 58. 2004இல் 'லான்செட்' இதழில் அந்தக் கட்டுரை வந்தபோது உலகம் திகைத்தது. கணியம்பாடி ஏதோ சபிக்கப்பட்ட ஊர் என்று நான் நம்பவில்லை. அங்கே சரியாக எண்ணினார்கள், அவ்வளவுதான்.

இப்போது கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கு வருகிறேன்.

வெளியூர்க்காரர்கள் கொடைக்கானலையும் இந்த விஷயத்தையும் சேர்த்து நினைத்தால் அவர்களுக்கு ஒரு காட்சிமுனைதான் நினைவுக்கு வரும். இன்று பசுமைப் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் அந்த இடத்துக்கு முன்பிருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதாமலிருப்பதே நல்லது. வேலி போட்டதும் பெயரை மாற்றியதும் சரியான காரியங்கள். ஆனால் சுற்றுலாப் பயணியின் கண்ணில் படும் அந்த ஒரு முனையோடு விஷயத்தை முடித்துக்கொண்டோம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் மேல்மலையிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கத்துக் கீழ்மலையிலும் வாழ்கிறவர்களின் துயரம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. மேல்மலையில் வீடும் தோட்டமும் ஒட்டியே இருக்கும். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு என்று மாறி மாறி நடவு நடப்பதால் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பயிருக்கு மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த டப்பாக்கள் வீட்டுத் திண்ணையிலோ கட்டிலுக்கடியிலோ கிடக்கின்றன. கோபமோ அவமானமோ தலைக்கேறுகிற அந்த அரைமணி நேரத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரையே தீர்மானிக்கிறது.

மலையில் கணக்கு எப்படிச் சிதறுகிறது என்பதைச் சொல்கிறேன். மேல்மலைக்காரர் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு வருவார். கவுஞ்சி பக்கத்திலிருந்து வந்து சேரவே வெகுநேரம் ஆகும். இங்கே முடியாவிட்டால் 108இல் ஏற்றி வத்தலக்குண்டு வரை சுமார் 60 கிலோமீட்டர் மலைப்பாதை இறக்கி, அங்கிருந்து தேனி மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோவார்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் மருத்துவக் கல்லூரியும் இப்போது இருக்கிறது. தாண்டிக்குடிக்காரருக்கு வத்தலக்குண்டு பக்கம். பாச்சலூர்க்காரர் ஒட்டன்சத்திரம் இறங்குவார், வடகவுஞ்சிக்காரர் பழனி போவார். வெள்ளகவி மக்கள் நெடுங்காலம் சாலையே இல்லாமல் நோயாளியை டோலி கட்டிச் சுமந்தவர்கள். ஒரு வழி கொடைக்கானலுக்கு ஏறும், இன்னொரு வழி பெரியகுளத்துக்கு இறங்கும். ஆக ஒரே வட்டத்தின் துயரம் மூன்று மாவட்டங்களின் ஏழெட்டு மருத்துவமனைகளில் பிரிந்து கிடக்கிறது. எந்த ஒரு மருத்துவமனை நோட்டைப் புரட்டினாலும் "அப்படியொன்றும் அதிகமில்லையே" என்றுதான் தோன்றும். அந்த எண்ணமே மேலிடத்துக்குப் போகிறது.

எண்ண வேண்டாம் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம்: "இதெல்லாம் சும்மா மிரட்டுறதுக்குச் செய்யறது. நிஜமா சாகணும்னு நினைச்சா இப்படியா செய்வாங்க?" இந்த வாக்கியத்தை நோயாளியின் காதுபடவே சொல்கிறவர்கள் உண்டு. இதைவிடப் பொய்யான, இதைவிடக் கொடிய வாக்கியம் வேறில்லை. உலகம் முழுவதிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, இப்படி மருத்துவமனைக்கு வந்து மீண்டவர்களில் 25 பேருக்கு ஒருவர் அடுத்த ஐந்தாண்டுக்குள் தற்கொலையால் இறக்கிறார். ஓராண்டுக்குள் மறுபடியும் முயல்கிறவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். வேறெந்த நோயிலாவது 25இல் ஒருவர் ஐந்தாண்டில் சாவார் என்று தெரிந்தும், பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்து அனுப்புவோமா? இதே எண்ணில் நம்பிக்கையும் இருக்கிறது. 24 பேர் அப்படி இறப்பதில்லை. யாரிடம் உதவி போய்ச் சேர வேண்டும் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த இடம் பொதுச் சுகாதாரத்தில் அரிது.

"தெரிந்து என்ன செய்ய? ஆளுக்கொரு மனநல மருத்துவரை வைக்க முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. முடியாது, வேண்டியதும் இல்லை. இதற்கு விடை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை, சென்னையிலேயே இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'ஸ்நேகா' அமைப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து நாட்டு ஆய்வில் பங்கேற்றது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து ஊர்களிலும் அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். "எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா? வேற ஏதாவது உதவி வேணுமா?" என்ற அளவிலான விசாரிப்பு. பதினெட்டு மாத முடிவில் முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 விழுக்காடு. 2008இல் வெளியான ஆய்வு இது. மாத்திரை விஷயத்தில் இப்படியொரு முடிவு வந்திருந்தால் மறுமாதமே எல்லா மருந்துக் கடைகளிலும் அது இருந்திருக்கும். ஒன்பது முறை விசாரிக்க வேண்டுமானால் முதலில் யாரை விசாரிப்பது என்று தெரிய வேண்டுமே! பட்டியல் இல்லாமல் விசாரிப்பு இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போதே அந்த இருட்டில் இருக்கலாம். அவர்களுக்காக இங்கேயே நிறுத்திச் சொல்கிறேன்: 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும் தமிழ்நாட்டின் 104 என்ற எண்ணும் கட்டணமில்லாதவை. ஸ்நேகாவின் எண் 044-24640050. இரவு எத்தனை மணியானாலும் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிப் பேசுங்கள். அந்த நேரம் கடந்துவிடும்; கடந்து வந்தவர்கள் ஏராளம்.

பதிவேட்டால் ஆகும் காரியம் தனிமனித விசாரிப்போடு முடிவதில்லை. இலங்கையைப் பார்க்கலாம். 1995 வாக்கில் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47ஐத் தொட்டது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பின் வந்த இருபது ஆண்டுகளில் அது சுமார் 70 விழுக்காடு சரிந்தது. வறுமையும் குடியும் அந்த இருபது ஆண்டில் ஓய்ந்துவிடவில்லை. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் தப்பிய உயிர்கள் சுமார் 93,000 என்று கணக்கிட்டார்கள். எந்தப் பொருளைத் தடை செய்வது என்று எப்படித் தெரிந்தது? அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் 2002 முதல் நோயாளி நோயாளியாகப் பதிவு செய்தார்கள்: என்ன பொருள், வந்தவர்கள் எத்தனை, பிழைத்தவர்கள் எத்தனை. தோட்டத்தில் ஒரே வேலைக்கு அடிக்கப்படும் மருந்துகளுக்குள்ளேயே, மனித உயிரைப் பறிப்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பது அப்போதுதான் தெளிவானது. 2008க்குப் பிந்தைய தடைகள் அந்தக் கணக்கின் மேல் நின்றன. இறந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது. பிழைத்தவர்கள் கணக்கு இருந்தால்தான் நூற்றுக்கு எத்தனை என்ற விகிதமே பிறக்கும். நெல் விளைச்சல் அதனால் குறையவில்லை என்பதையும் மேல்மலை விவசாயிக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சை எடுத்தாலே அவர் முதலில் கவலைப்படுவது தன் கேரட்டைப் பற்றித்தான், அந்தக் கவலை நியாயமானது. கிளாவரையிலிருந்து நடந்து போகக்கூடிய வட்டவடையை உள்ளடக்கிய கேரளமும் 2011இல் பல பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அங்கேயும் காய்கறி விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

தமிழ்நாடும் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் ஒரு வகை எலி விஷப் பசையை நிரந்தரமாகவும், ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்கும் தடை செய்தது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநில அரசுக்கு அவ்வளவு குறுகிய அதிகாரத்தைத்தான் தந்திருக்கிறது. நீண்ட தடை வேண்டுமானால் ஒன்றிய அரசிடம் ஆதாரத்தோடு போய் நிற்க வேண்டும். அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்? எலி விஷ விஷயத்தில், தடைக்கு முன்பே, தமிழ்நாட்டுக் கல்லீரல் மருத்துவர்கள் பல மருத்துவமனைகளின் கணக்கைத் தாங்களாகவே திரட்டி வெளியிட்டார்கள். மருத்துவர்கள் சொந்த முயற்சியில் ஒரு முறை செய்ததை அரசு ஒவ்வொரு மாதமும் செய்ய முடியாதா?

இந்த வாதங்களையெல்லாம் ஒப்புக்கொள்கிறவர்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அவமானம். "சின்ன ஊரு. பேரு வெளியே தெரிஞ்சா அந்தப் பொண்ணை யார் கட்டிப்பாங்க?" இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். கிளாவரை மாதிரி ஊரில் "17 வயதுப் பெண், மார்ச் மாதம்" என்று எழுதினாலே போதும், எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே பதிவேடு எப்படி இருக்கக்கூடாது என்பதில் நான் அவர்கள் பக்கம். அது போலீஸ் கையில் இருக்கக்கூடாது. பெயர் மருத்துவமனையைத் தாண்டக்கூடாது. மேலே போவது ஒரு குறியீட்டு எண், வயது, பாலினம், ஒன்றியம், பொருளின் வகை, முன்பு நடந்ததா, பின்தொடர்பு நடந்ததா என்பவை மட்டும். வெளியிடுவது ஊர்வாரியாக வேண்டாம், வட்டவாரியாக, ஆண்டுக்கொரு முறை போதும். எண்ணிக்கை மிகக் குறைவான கட்டங்களை வெறுமையாக விட வேண்டும். அயர்லாந்தில் கார்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பதிவேடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாடு முழுவதுமுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளைக் கண்காணிக்கிறது. ஆக்ஸ்போர்டில் 1976 முதல் இந்தக் கண்காணிப்பு நடக்கிறது. பெயரைக் காத்துக்கொண்டே எண்ண முடியும் என்பதற்கு இவை சாட்சி. எப்படிச் செய்வது என்ற கையேட்டை உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே வெளியிட்டுவிட்டது. இது பத்திரிகைக்குப் போகும் பட்டியலும் இல்லை. செய்தி எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2019இல் இந்திய பிரஸ் கவுன்சில் ஏற்ற நெறிமுறைகள் தனியே இருக்கின்றன.

இன்றைய நிலைமையில் அவமானத்தை வளர்ப்பது பதிவேடு இல்லை, போலீஸ் பயம். 1860இன் தண்டனைச் சட்டத்தில் 309ஆவது பிரிவாக உட்கார்ந்திருந்த குற்றம் தற்கொலை முயற்சி. சட்ட ஆணையம் 2008இல் தன் 210ஆவது அறிக்கையில் அந்தப் பிரிவை நீக்கச் சொன்னது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆவது பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக்கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காகச் செய்யப்படும் முயற்சிக்கு மட்டும் 226ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் கட்டிலருகே இருக்கும் தாய்க்கு இதை யார் சொன்னார்கள்? அவள் இன்னும் "கேஸ் ஆயிடுமா?" என்றுதான் கேட்கிறாள். அந்தப் பயத்தில்தான் "தெரியாம குடிச்சிட்டா" என்ற பொய் பிறக்கிறது, அந்தப் பொய்யோடுதான் மகள் எந்த உதவியும் இல்லாமல் வீடு திரும்புகிறாள். 115ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இப்படிப்பட்டவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து, மறுபடி நேரும் ஆபத்தைக் குறைப்பது அரசின் கடமை. யாரென்று குறித்தே வைக்காத ஒருவருக்கு அரசு எப்படிக் கடமையாற்றும்? 2022 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, மூன்றாண்டுக்குள் கண்காணிப்பு முறை அமைக்கப்படும் என்றது. மூன்றாண்டு என்றால் 2025.

ஆள் இல்லை, பணம் இல்லை என்று தமிழ்நாடு சொல்லக்கூடாது. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு எண் கொடுத்துப் பிரசவம் வரை பின்தொடர்கிற மாநிலம் இது. தாய் இறந்தால் ஏன் என்று கூடி விசாரிக்கிற மாநிலம். அவசர சிகிச்சைக்கென்று தொடங்கிய 'டி.ஏ.இ.ஐ.' (TAEI) திட்டத்தில் விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம் ஆகியவற்றோடு விஷ பாதிப்பும் ஒரு தூணாக ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிவில் வேண்டுமென்றே நடந்ததா, முன்பு நடந்ததா, யார் மறுபடி பேசப் போகிறார்கள் என்ற மூன்று கட்டங்களைச் சேர்ப்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம்.

கொடைக்கானல் வட்டத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். மலையும் கீழே உள்ள ஊர்களும் சேர்ந்த கணக்காக இருக்க வேண்டும்: கொடைக்கானல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, பெரியகுளம், தேனி, திண்டுக்கல், மதுரை மருத்துவமனைகள் எல்லாம் நோயாளியின் சொந்த வட்டத்தை எழுதினால் போதும். விசாரிப்பை யார் செய்வது என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். மன்னவனூர், தாண்டிக்குடி ஆரம்ப சுகாதார நிலையங்களில் சத்து மாத்திரை வாங்கப் போகிற சாக்கில் செவிலியரிடம் பேச ஒருத்திக்குப் பிடிக்கலாம். உள்ளூர் முகமே வேண்டாம், திண்டுக்கல் மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து யாராவது போனில் கூப்பிடட்டும் என்று இன்னொருத்தி சொல்லலாம். மேல்மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே எந்த நாள் எந்த நேரம் கொடைக்கானல் சந்தைக்கு வருவாள் என்று கேட்டு அந்த நேரத்தில் கூப்பிட வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட சில்லறை விவரங்களையெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே, அவள் கட்டிலருகே உட்கார்ந்து, போலீஸ் இல்லாத நேரத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.